கப்பிங்: முதுகில் விழும் வட்டங்கள் எதைச் சொல்கின்றன?

2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் கருஞ்சிவப்பு வட்டங்களைப் பார்த்த பிறகுதான் கப்பிங் என்ற குப்பி சிகிச்சையின் பேரே பலருக்குத் தெரிந்தது. முறை என்னவோ மிகப் பழையது.

கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு நொடி தீயைக் காட்டி எடுத்துவிட்டு, சட்டென்று தோலில் கவிழ்க்கிறார்கள். தீ ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால்தான் குப்பி ஒட்டிக்கொள்கிறது என்பார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பங்கு வெளியேறிவிடும். மிச்சம் குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறையும். இப்போது பல இடங்களில் தீ கிடையாது, கைப்பம்புதான். எப்படியானாலும் தோலும் அதனடிச் சதையும் பன் மாதிரி உப்பி மேலெழும்.

அந்த இழுப்பில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சில உடைகின்றன. கசிந்த ரத்தம் தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வட்டம் என்பது அவ்வளவுதான், ரத்தக்கட்டு. ஹீமோகுளோபின் சிதையச் சிதைய நிறம் மாறி, பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் மறையும். "எவ்வளவு கறுப்பு பாருங்க, அத்தனையும் கழிவு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் இழுத்தார்கள் என்பதையே அந்தக் கறுப்பு பெரும்பாலும் காட்டுகிறது. கழிவைக் கவனிக்கக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

வலி குறையுமா? கழுத்து, முதுகு வலி சிலருக்குக் கொஞ்ச நாள் தணிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மருந்தைச் சோதிக்க, யாருக்கு எது என்று சொல்லாமல் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். முதுகைக் குப்பி இழுப்பதை எப்படி மறைப்பது? அதனால் நம்பிக்கையின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம்.

கீறி ரத்தம் எடுக்கும் ஹிஜாமா வேறு கணக்கு. யுனானி என்ற பழைய மருத்துவ முறையில் அது முறைப்படியான சிகிச்சை. சென்னையில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியே உண்டு. பதிவு பெற்ற மருத்துவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிளேடு புதியதா, உங்கள் கண்முன்னே உறை பிரித்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹெபடைடிஸ் பி, சி தொற்ற வழியுண்டு. அடிக்கடி எடுத்து ரத்தசோகை வந்தவர்களும் இருக்கிறார்கள்.

வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கீறல் ஆறத் தாமதமாகலாம். சொரியாசிஸ் இருந்தால் குப்பி வைத்த இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பக்கூடும்.

முதுகுவலியோடு காய்ச்சல், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு இதில் எது வந்தாலும் குப்பியைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.