கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எலுமிச்சை உப்பில் ஊறவைக்காதீர்கள்

காரைக்குடியில் கார்ப் பணிமனை நடத்திவரும் என்னிடம், கண்டனூரிலிருந்து ஒரு பெரியவர் தம் காரைக் கயிறு கட்டி இழுத்துவரச் செய்து, கூடவே ஓர் எவர்சில்வர் அண்டாவையும் கொண்டுவந்தார். அண்டாவுக்குள், எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் அமிலம்) கரைசலில், புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்தமாக்கும் பாகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கழற்றப்பட்டுக் கிடந்தது. "மொத வாட்டி ஊறவச்சு மாட்டினதும் லைட்டு அணைஞ்சிருச்சு தம்பி. பத்து நாள்ல மறுபடி வந்துருச்சு, அதான் இந்த வாட்டி உப்பைக் கூட்டிப் போட்டேன்" என்றார்.

அவர் சொன்ன அந்த என்ஜின் எச்சரிக்கை விளக்கு அணைந்ததற்குக் காரணம் எலுமிச்சை உப்பு அன்று. கன்வெர்ட்டரைக் கழற்றுமுன் அவர் பேட்டரி வயரை எடுத்திருந்தார். அதனால் காரின் கணினியின் நினைவிலிருந்த பிழைக் குறியீடு அழிந்துபோயிற்று. கன்வெர்ட்டரைச் சோதித்து, "இதன் திறன் குறைந்துவிட்டது" என்னும் பி0420 குறியீட்டை மீண்டும் எழுத, கணினிக்குச் சில நாள் ஓட்டம் தேவைப்படும். வீட்டு வைத்தியம் பலித்துவிட்டதாகப் பலரும் நம்புவது இந்த இடைவெளியில்தான். அதைவிடப் பெரிய இழப்பு, கன்வெர்ட்டர் ஏன் கெட்டது என்று சொல்லக்கூடிய மற்றக் குறியீடுகளும் அதே வேளையில் அழிந்துபோவது.

உள்ளே இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்துளைச் சுவர்கள்மீது அலுமினாப் பூச்சு. அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் வெள்ளைப் பூச்சு முட்டை ஓடுபோல வழுவழுப்பாக இருப்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது. கன்வெர்ட்டரின் பூச்சுக்கோ சொரசொரப்பே உயிர். ஒரு கிராம் அலுமினாவின் குழிகளையெல்லாம் விரித்துப் போட்டால் 100 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வரும் என்பதால்தான், புகை அதைக் கடக்கும் நொடிக்குள் கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத பெட்ரோல் நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. வெப்பம் 900 டிகிரியைத் தாண்டினால் இந்தக் குழிகள் தூர்ந்துபோகும். பாயசத்தின் மேல் மிதக்கும் நெய்த்துளிகள் கூடிப் பெரிதாவதுபோல உலோகத் துகள்களும் ஒன்றோடொன்று சேர்ந்து, புகை தொடக்கூடிய பரப்பை இழந்துவிடும். பித்தளை அண்டாவைப் புளி போட்டு விளக்கினால் பளபளக்கிறதென்றால், அழுக்கின் அடியில் பித்தளை முழுதாக இருக்கிறது என்று பொருள். இங்கே அடியில் இருந்ததே சிதைந்துவிட்டது; விளக்கி எடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

"சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) இருக்கிற ஊரில் இருந்துகொண்டு வேதியியலை நம்பாமல் பேசலாமா?" என்று ஒருவர் கேட்டார். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட நிலையம் அது. அதன்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. என்ஜின் ஆயிலிலிருந்து வந்து படியும் பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலங்களால் ஓரளவு கரைத்தெடுக்கலாம் என்பதும் ஆய்வகங்களில் பார்க்கப்பட்ட உண்மைதான். ஆனால் அங்கே அமிலத்தின் செறிவும் சூடும் நேரமும் அளந்து வைக்கப்படுகின்றன, முன்னும் பின்னும் திறன் சோதிக்கப்படுகிறது. அப்படிச் செய்தாலும் படிந்த நஞ்சு நீங்குமே தவிர, வெந்து கூடிப்போன உலோகம் பழையபடி பிரியாது. பெரியவரின் கன்வெர்ட்டரை எடுத்து மெல்லத் தட்டியபோது உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், தேன்கூட்டின் ஒரு மூலை மெழுகுபோல உருகி இறுகியிருந்தது.

சிலர் கழிவறை ஆசிட்டையே ஊற்றுகிறார்கள். அது கன்வெர்ட்டரின் எஃகுக் கூட்டையும் அரிக்கும், அலுமினாப் பூச்சையும் அரிக்கும். அருகில் பிளீச்சிங் பவுடர் கலந்துவிட்டால் எழும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும். கன்வெர்ட்டர் சுத்தமாகும் என்று நம்பிப் பெட்ரோல் டேங்கில் தின்னர் ஊற்றுவது ரப்பர்க் குழாய்களையும் பம்பையும் கெடுக்கும், தீப்பிடிக்கவும் வழிவகுக்கும். கூட்டை அறுத்துத் திறந்தால், பீங்கானைச் சுற்றியிருக்கும் இழைப் பாயின் தூசி மூச்சோடு உள்ளே போகும். ஊறவைத்த தண்ணீரில் உலோகக் கழிவு இருக்கும். அதைக் கொல்லையில் கொட்டினால் மழையில் எந்த ஊருணிக்குப் போய்ச் சேரும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டிவிட்டுச் சோதிப்பதற்காக மூடிய கார் ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மயக்கம் வரும்போது எழுந்து வெளியேற உடம்பு ஒத்துழைக்காது.

புதியதன் விலை பல ஆயிரம் ரூபாய் என்பதால் மனம் வேறு வழி தேடுவது எனக்குப் புரிகிறது. அதற்காகவே சொல்கிறேன், முதலில் காரணத்தைத் தேடுங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சார் சாதாரண வகையாக இருந்தால், அதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்க வேண்டும், பின்னுள்ளது ஏறக்குறைய ஒரே அளவில் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல ஆடினால்தான் கன்வெர்ட்டர்மீது சந்தேகம் கொள்ளலாம். அப்போதும் புகைக்குழாயில் கசிவு உண்டா, சென்சார் சரியா, என்ஜின் ஆயிலைக் குடிக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். ஊருக்குள்ளேயே ஓடிப் புகைக்கரி படிந்த வண்டியாக இருந்தால், திருச்சி சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டும்போது அந்தக் கரி தானாகவே எரிந்துவிடுவதும் உண்டு.

பெரியவரின் காரில் உண்மையான குற்றவாளி எலி. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வரும்போது மட்டும் வெளியே எடுக்கப்படும் அந்தக் கார், மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றபோது இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. அந்தச் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கியிருக்கிறது. வயரை மாற்றியபின் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தி, என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஓட்டி வரலாம், விட்டு விட்டு மின்னினால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னதாகக் குன்றக்குடிக்கு அருகிலிருந்து அவர் தொலைபேசியில் அழைத்தார். "லைட்டு மினுக்குது தம்பி, புளியமரத்தடியில நிப்பாட்டி ஆஃப் பண்ணிட்டேன்" என்றார். போய்ப் பார்த்தால், அதே காயிலின் கனெக்டர் சற்றே கழன்றிருந்தது. அழுத்தி மாட்டியதும் என்ஜின் சீராக ஓடியது. கன்வெர்ட்டரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.