நொதி: பீர் ஊறலில் சேர்க்கும் என்சைமுக்குத் தமிழ்ச் சொல்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிக்க 1978-இல் சட்டம் வழிவிட்டது. அதற்கான சாமான்கள் விற்கும் கடைகளில் ஈஸ்ட் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே சின்னக் குப்பியில் என்சைமும் கிடைக்கும். இந்த என்சைமை ‘நொதிக்க வைக்கும் பொருள்’ என்று தமிழில் எழுதினால் தப்பாகிவிடும். சர்க்கரையை நொதிக்க வைத்துச் சாராயமாக்குவது ஈஸ்ட். குப்பியில் இருப்பது அந்த ஈஸ்ட்டுக்குச் சர்க்கரையை வெட்டிக் கொடுக்கும் புரதம். தமிழில் அதன் பெயர் நொதி.

இந்தக் குழப்பம் ஐரோப்பாவிலும் இருந்தது. 1833-இல் பிரான்சின் வேதியியலாளர்கள் பாயென், பெர்சோ இருவரும் முளைவிட்ட பார்லியின் சாற்றிலிருந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பிரித்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ‘டயாஸ்டேஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று அமிலேஸ், லைப்பேஸ் என ‘-ஏஸ்’ என்று முடிகிற என்சைம் பெயர்களுக்கெல்லாம் அந்த வால் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அப்போது உயிருள்ள ஈஸ்ட்டும் ‘ஃபெர்மென்ட்’, உயிரில்லாத டயாஸ்டேஸும் ‘ஃபெர்மென்ட்’. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஜெர்மானிய உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனெ 1876-77 வாக்கில் ‘என்சைம்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் ‘என்’ என்றால் உள்ளே, ‘சைமே’ என்றால் புளிக்க வைக்கும் காடி. அப்புறம் 1897-இல் ஜெர்மானிய வேதியியலாளர் எட்வர்ட் பூக்னர், ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த, செல்லே இல்லாத சாறும் சர்க்கரையைச் சாராயமாக்குவதைக் காட்டினார். ஈஸ்ட்டின் வேலையும் அதற்குள் இருக்கும் என்சைம்களின் வேலைதான் என்பது அப்போது தெளிவானது. 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தமிழில் நொதித்தல் என்றால் நுரைத்துப் பொங்கிப் புளிப்பது. ஃபெர்மென்ட் என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் கொதித்தல் என்றுதான் பொருள். பொங்குவதைக் கண்ணால் பார்த்துப் பிறந்த சொற்கள் இவை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் என்சைமை ‘நொதி’ என்கின்றன, இலங்கையில் ‘நொதியம்’. இரண்டும் சரி. ‘வினையூக்கி’ என்று மட்டும் எழுதினால் போதாது. நொதிகள் வினையூக்கிகளே என்றாலும், பிளாட்டினமும் ஒரு வினையூக்கி. ஈஸ்ட்டுக்கு இலங்கையில் ‘மதுவம்’ என்ற அழகான சொல் உண்டு. இங்கேயும் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

சரி, பீரில் நொதி என்ன செய்கிறது? பார்லி முளைவிடும்போதே அதில் அமிலேஸ் உருவாகிவிடும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி நீர்த்து இருப்பதும் அதே அமிலேஸால்தான். மால்ட் என்பது முளைவிட்டு உலர்த்திய பார்லி. அதை அரைத்து 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். ஆனால் எல்லாம் ஆகிவிடாது. டெக்ஸ்ட்ரின் என்ற துண்டுகள் மிஞ்சும். சாதாரண பீர் ஈஸ்ட் அவற்றைத் தொடாது, பீருக்குக் கனம் தருவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அமிலோகுளுக்கோசிடேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் அந்தத் துண்டுகளையும் முனையிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாக வெட்டிவிடும். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.010-இல் நிற்கவேண்டிய அளவு (தண்ணீருக்கு 1.000) 1.000-க்கும் கீழே போகும், சாராயம் தண்ணீரைவிட லேசானது என்பதால். இனிப்பே இல்லாத, வறண்ட பீர் கிடைக்கும். நியூயார்க்கின் ரைன்கோல்ட் ஆலையில் ஜோசப் ஓவேட்ஸ் இந்த வழியில் உருவாக்கிய பீர்தான் 1967-இல் ‘கேப்ளிங்கர்ஸ்’ என்ற பெயரில் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் கிம் ஸ்டர்டவன்ட் 2017-இல் தொடங்கிவைத்த ‘ப்ரூட் ஐபிஏ’ என்ற பீர் வகையும் இதே நொதியால் ஆனது.

எல்லாச் சேர்க்கை நொதிகளும் இதைச் செய்வதில்லை. குளிரில் பீர் கலங்காமல் இருக்க, புரதத்தை வெட்டுகிற நொதி வேறு. வெண்ணெய் வாசனை வராமல் தடுப்பது இன்னொன்று. அதனால் ‘பீரில் நொதி சேர்த்தேன்’ என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்திதான், எந்த நொதி என்றும் சொல்லவேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நொதி வேலை செய்து தீர்ந்துபோவதில்லை. மால்ட்டில் இருக்கும் நொதிகள், ஊறவைத்து வடித்த சாற்றைக் கொதிக்கவைக்கும்போது சூட்டில் செயலிழந்துவிடும். அதற்குப் பிறகு ஈஸ்ட்டோடு நொதிக்கவிடும் பாத்திரத்தில் சேர்க்கும் நொதிக்கு அந்தக் கொதி கிடையாது, அது பாட்டிலுக்குள்ளும் வெட்டிக்கொண்டே இருக்கும். நொதித்தல் முழுதாக முடியுமுன் அடைத்தால் அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கும். ஹைட்ரோமீட்டர் அளவு பல நாள் அசையாமல் நின்ற பிறகே மூடி போடவேண்டும். அந்த ஊறலின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை அடுத்த பீருக்கு எடுக்கவும் கூடாது, அதோடு நொதியும் போய்ச் சேரும்.