வேருக்கு ஏறும் எறும்பு

2025 ஜூனில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் வாரம். பாம்பனில் மீன் கம்பெனி வைத்திருக்கும் என் மச்சான் ராத்திரி பதினொன்றரை மணிக்குப் போன் செய்தான். "மாப்ள, கணக்கு இடிக்குது. நீ எழுதிக் குடுத்த புரோகிராம் போன வருசக் கழிவைப் போட்டுச் சீட்டு அடிக்குது."

கழிவு என்பது எடை போடும்போது ஐஸுக்கும் தண்ணீருக்கும் பெட்டிக்குமாகச் சேர்த்துக் குறைத்துக்கொள்வது. கணவாய்க்கு ஒன்று, நண்டுக்கு ஒன்று, சூடைக்கு ஒன்று என்று மீனுக்கு மீன் வேறு. அவ்வப்போது மாறவும் செய்யும். மாறும்போதெல்லாம் என்னைக் கூப்பிடக் கூடாது என்பதற்காகவே அதைப் புரோகிராமுக்குள் எழுதாமல், 'கழிவு' என்று ஒரு தனி ஃபைலில் போட்டு, அவனே திருத்திக்கொள்ளும்படி வைத்திருந்தேன். புரோகிராம் அந்த ஃபைலைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். அது தேடிய விதத்தில்தான் அன்று ராத்திரி என் தூக்கம் போனது.

அவனுடைய லேப்டாப்பில் டி டிரைவில் 'கம்பெனி' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் '2025', அதற்குள் 'ஜூன்', அதற்குள் நாளுக்கு ஒன்றாக '16', '17', '18'. கழிவு ஃபைல் இருப்பது 'கம்பெனி'யில் மட்டும். 18ஆம் தேதிக் கணக்கைத் திறந்ததும் புரோகிராம் முதலில் '18'க்குள் பார்க்கும். இல்லை. ஒரு படி மேலே ஏறி 'ஜூன்'. அங்கும் இல்லை. '2025'. இல்லை. 'கம்பெனி'. இருக்கிறது, எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். நிற்கிற இடத்தில் பார், இல்லையென்றால் ஒரு படி மேலே போய்ப் பார், கிடைத்தால் அத்தோடு நில். முறை இவ்வளவுதான்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நிரலில் செய்யும் மாற்றங்களையெல்லாம் பதிவு செய்து வைக்க, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் என்ற கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. நீங்கள் எந்த உள் ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுத்தாலும், தன் பதிவுகள் இருக்கும் '.கிட்' என்ற ஃபோல்டரைத் தேடி அது மேலே மேலே போகும். கடைசிவரை கிடைக்காவிட்டால், 'இங்கும் இல்லை, மேலே உள்ள எந்த ஃபோல்டரிலும் இல்லை' என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். நிரல் எழுதக் கற்றுக்கொள்கிற எல்லோரும் ஒருநாள் இந்த வரியைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் தனக்கு வேண்டிய துணை நிரல்களைத் தேடுவதும், ரஸ்ட் என்ற நிரல் மொழியின் கார்கோ என்ற கருவி தன் திட்ட ஃபைலைத் தேடுவதும் இதே வழியில்தான்.

சரி, ஏன் மேலே? கீழே தேடினால் ஆகாதா?

எங்கள் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக்கருவேலம்தான். அதன் நுனியில் ஓர் இலையில் எறும்பு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அது வேருக்குப் போக யாரிடமும் வழி கேட்க வேண்டாம். இலையிலிருந்து குச்சி, குச்சியிலிருந்து கிளை, கிளையிலிருந்து தூர். ஒவ்வொரு இடத்திலும் போவதற்கு ஒரே வழிதான். அதே எறும்பு தூரிலிருந்து ஒரு குறிப்பிட்ட இலைக்குப் போக வேண்டுமென்றால் கவட்டைக்குக் கவட்டை குழப்பம். தப்பான கிளையில் போய்த் திரும்பித் திரும்பி, மரம் முழுவதையும் அலசினாலும் அலச வேண்டியதுதான். கணினிக்காரர்கள் இந்த மரத்தைத் தலைகீழாக வரைவார்கள், வேர் மேலே. ஆகவே அவர்களுடைய எறும்பு வேருக்கு 'ஏறுகிறது'.

ஒரு ஃபோல்டருக்குள் எத்தனை ஃபோல்டர் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் மேல் ஃபோல்டர் ஒன்றே ஒன்று. மச்சானின் '18'இலிருந்து டிரைவின் உச்சிவரை போனாலும் மொத்தம் ஐந்தே இடங்கள்தான். டிரைவில் ஐயாயிரம் ஃபைல் இருந்தாலும் ஐந்து லட்சம் இருந்தாலும் அந்த ஐந்து ஐந்தாகவே இருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பக்கத்தில் இருப்பது தூரத்தில் இருப்பதை மீறும். ஒரு மாதம் நண்டுக்கு மட்டும் வேறு கழிவு பேசியிருந்தார்கள். மச்சான் அந்த மாத ஃபோல்டருக்குள் தனியாக ஒரு கழிவு ஃபைலைப் போட்டுவிட்டான். புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அந்த மாதத்துக் கணக்குகள் அதை எடுத்துக்கொண்டன, மற்ற மாதங்கள் வழக்கம்போல மேலே போயின. வீட்டில் சொல்லிவிட்டால் அப்புறம் ஊரில் போய்க் கேட்க வேண்டியதில்லையே.

ஒரு படி மேலே ஏறுவதை நிரல் எப்படிச் செய்கிறது? இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, முகவரியைக் கத்தரிப்பது. நாம் கடிதத்தில் வீட்டு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சின்னதிலிருந்து பெரியதற்குப் போகிறோம். பின்கோடு இதற்கு நேர் எதிர். இராமேஸ்வரத்தின் 623526இல் முதல் 6 தென்கோடி மண்டலம், 623 வரும்போது இராமநாதபுரம் பக்கம், கடைசியில்தான் தபால் நிலையம். கணினியின் முகவரியும் பின்கோடு மாதிரிதான்: 'டி:\கம்பெனி\2025\ஜூன்\18'. கடைசிச் சாய்கோட்டில் கத்தரித்தால் 'டி:\கம்பெனி\2025\ஜூன்'. இன்னொரு கத்தரி, '2025'. டிஸ்க் எனப்படும் வட்டைத் தொடவே வேண்டாம், எழுத்து வேலைதான்.

இரண்டாவது வழி, பழைய இயங்குதளமான யூனிக்ஸ் காலத்தது. யூனிக்ஸ் குடும்பத்து அமைப்புகளில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் இரண்டு பெயர்கள் எப்போதும் இருக்கும். ஒற்றைப் புள்ளி என்றால் 'நான்', இரட்டைப் புள்ளி என்றால் 'எனக்கு மேலே இருப்பவர்'. இதில் ஒரு வேடிக்கை. ஒரு ஃபோல்டருக்குத் தன் பெயர் தெரியாது! அதற்குள் இருப்பதெல்லாம் உள்ளே உள்ளவற்றின் பெயர்களும் ஐநோடு எனப்படும் எண்களும்தான். அதன் சொந்தப் பெயர் மேல் ஃபோல்டரின் பட்டியலில் இருக்கிறது. அதனால் 'நான் எங்கே நிற்கிறேன்' என்று சொல்லும் பழைய பிடபிள்யூடி கட்டளை, இரட்டைப் புள்ளி வழியாக மேலே ஏறி, அங்குள்ள பட்டியலில் தன் எண் எந்தப் பெயருக்கு நேராக இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, மறுபடி மேலே ஏறி, இப்படி உச்சிவரை போய்த்தான் விடை சொல்லும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, 'இது யார் வீட்டுப் பிள்ளை' என்று வீடு வீடாகக் கேட்டுப் போவது போல.

(அந்த இரண்டு புள்ளிப் பெயர்களையும் பட்டியலில் காட்டாமல் இருப்பதற்காக, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும்படி அந்தக் காலத்தில் ஒரு குறுக்குவழி எழுதினார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் மறைந்துபோயின. யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராப் பைக் இதை 2012இல் எழுதியிருக்கிறார். '.கிட்' ஃபோல்டரும், நிரல்கள் தங்கள் விருப்பங்களை எழுதிவைக்கும் அமைப்பு ஃபைல்கள் பலவும் இன்றும் கண்ணில் படாமல் ஒளிந்திருப்பது அந்தச் சோம்பலின் மிச்சம்.)

இரண்டு வழியும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். வேறோர் இடத்தில் இருக்கும் ஃபோல்டரை இங்கே இருப்பதுபோலக் காட்டும் இணைப்புக் குறி வைத்த ஃபோல்டர்களில்தான் பிரியும். தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணிடம் 'உங்க வீடு எது' என்று கேட்டால் எந்த வீட்டைச் சொல்வாள்? அதே சிக்கல். கத்தரிக்கும் வழி நீங்கள் வந்த பாதையைச் சொல்லும். இரட்டைப் புள்ளி அந்த ஃபோல்டர் பிறந்த இடத்தைச் சொல்லும்.

இனி உச்சி. தனுஷ்கோடிச் சாலை அரிச்சல்முனையில் முடிகிறது. அங்கே நடுவில் ஒரு தூண், சுற்றிலும் வட்டச் சாலை. வண்டி வட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தைக் கவனிக்காத டிரைவர் தூணைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். யூனிக்ஸின் உச்சி ஃபோல்டரும் அப்படித்தான். அதன் இரட்டைப் புள்ளி அதையேதான் காட்டும். யூனிக்ஸ் குடும்பத்து லினக்ஸில் உச்சி ஃபோல்டரை ஐநோடு எண்களோடு பட்டியல் போட்டுப் பாருங்கள். ஒற்றைப் புள்ளிக்கும் இரட்டைப் புள்ளிக்கும் நேராக ஒரே எண் இருக்கும். ஈஎக்ஸ்டி4 என்ற முறையில் அமைத்த வட்டில் அது 2.

நிரல் மொழிக்கு மொழி இதில் வழக்கம் வேறு. ஜாவாவும் சி ஷார்ப்பும் உச்சியில் 'மேலே எதுவும் இல்லை' என்று வெறுமையைக் கொடுக்கும். பைத்தானும் கோ மொழியும் உச்சியையே திரும்பக் கொடுக்கும். ஜாவாவில் பழகியவர் 'வெறுமை வந்தால் நிறுத்து' என்று பைத்தானில் எழுதினால், வெறுமை வரவே வராது. புரோகிராம் அரிச்சல்முனையில் சுற்றிக்கொண்டிருக்கும். 'மேலே போன பிறகும் அதே இடத்தில் நிற்கிறேனா' என்று கேட்பதுதான் பைத்தானில் சரியான நிறுத்தம். இதற்கு நேர் எதிரான பொறியும் ஒன்று உண்டு. முழு முகவரி கொடுக்காமல் வெறும் ஒற்றைப் புள்ளியிலிருந்து ஏறச் சொன்னால், முகவரிகளைக் கையாளும் பைத்தானின் துணை நிரலான பாத்லிப் அதற்கு மேலேயும் ஒற்றைப் புள்ளிதான் என்று சொல்லும். தேடல் தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடும். முதலில் முழு முகவரியாக மாற்றிக்கொண்டு அப்புறம் ஏற வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. கிட் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஏறும். நோட் ஜேஎஸ், துணை நிரலைக் கேட்கிற ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஏறும். இரண்டையும் குழப்பினால், உங்கள் கணினியில் ஓடியது இன்னொருவர் கணினியில் ஓடாது.

மச்சானின் கதைக்கு வருகிறேன். ஆடிட்டரிடம் காட்டுவதற்காக அவன் '18' ஃபோல்டரைப் பிரதி எடுத்து, டி டிரைவில் 'ஆடிட்டர்' என்று புதிதாக ஒன்று திறந்து, அதற்குள் போட்டுத் திறந்திருக்கிறான். புரோகிராம் '18'இல் பார்த்தது, 'ஆடிட்டர்'இல் பார்த்தது, டிரைவின் உச்சிக்குப் போனது. அங்கே அதற்கு முந்தின வருடம் நான் சோதனைக்குப் போட்டு மறந்த ஒரு கழிவு ஃபைல்! 'இதோ கிடைத்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டது. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. எதுவும் கிடைக்காமல் நின்றிருந்தால் அவன் அப்போதே கூப்பிட்டிருப்பான். கிடைத்ததுதான் கெடுத்தது.

இதே ஓட்டை பெரிய இடத்திலும் இருந்தது. பலர் பயன்படுத்தும் ஒரே விண்டோஸ் கணினியில், யாரோ ஒருவர் சி டிரைவின் உச்சியில் ஒரு '.கிட்' ஃபோல்டரை வைத்துவிடுகிறார். இன்னொருவர் கிட்டுக்குச் சம்பந்தமே இல்லாத தன் ஃபோல்டரில் நின்று கிட் கட்டளை கொடுக்கிறார். கிட் ஏறுகிறது, உச்சியில் அந்நியர் வைத்ததைக் காண்கிறது, அதன் அமைப்பு ஃபைலை நம்புகிறது. அந்த ஃபைலில் 'இந்த நிரலை ஓட்டு' என்று எழுதிவைக்கலாம் என்பதுதான் ஆபத்து. 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, கண்ட ஃபோல்டரின் உடைமையாளர் நீங்கள்தானா என்று கிட் பார்க்கிறது. இல்லையென்றால், நீங்கள் தனியாக அனுமதி கொடுத்தால் ஒழியத் தொடாது.

எல்லை எங்கே என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பாக் நீரிணைக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிரல்களிலும் எல்லை போட வழிகள் இருக்கின்றன. நிரல் எழுதும் எடிட்டர்களுக்கு விதிகள் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் ஃபைலில் 'இதுதான் வேர்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதற்கு மேலே தேடாது. கிட்டுக்கு 'இந்த ஃபோல்டரைத் தாண்டி ஏறாதே' என்று கூரை குறிக்கலாம். ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு மாறும் இடம் வந்தாலும், வேறு மாதிரி சொல்லாத வரையில் அது நின்றுவிடும்.

நான் செய்தது இரண்டு. டிரைவின் உச்சியில் பார்க்கவே கூடாது என்று ஒரு வரி. அதுவரை கிடைக்கவில்லையென்றால் சீட்டு அடிக்காமல் சத்தம் போட வேண்டும். அப்புறம், எந்த இடத்துக் கழிவு ஃபைலை எடுத்தது என்பதைச் சீட்டின் தலையில் முழு முகவரியோடு அச்சடிக்கச் சொன்னேன். மறுநாள் மச்சான் போன் செய்தான். "மேல ஏதோ டி, கம்பெனின்னு நீளமா வருது, எதுக்கு? பேப்பர் வீணாப் போகுது." எழுத்தைச் சின்னதாக்கிக் கொடுத்தேன்.