பிளஸ் டூ முடித்து ஜெர்மனியில் ஒரு வருஷம்: முதலில் காலண்டரைப் பாருங்கள்

பட்டம் எதுவும் கையில் இல்லாத ஒரு மாணவர், இந்திய பாஸ்போர்ட்டோடு, கல்லூரியில் சேருமுன் ஒரு வருஷம் முறைப்படி தங்கிவிட்டு வரக்கூடிய நாடுகள் மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசா இப்போது இந்தியர்களுக்கும் உண்டு. ஆனால் பள்ளிப் படிப்புக்குப் பிறகு இரண்டு வருஷமாவது படித்திருக்க வேண்டும். பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டத்துக்குப் பட்டம் வேண்டும். பிளஸ் டூ மட்டும் முடித்தவர்களுக்கும் வழி வைத்திருக்கும் நாடு ஜெர்மனி. அதுவும் இரண்டு வழி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது.

ஒன்று ‘ஓ பேர்’. ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சிறு வீட்டு வேலைகளில் கைகொடுப்பது. வயது 18 முதல் 26 வரை. ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற முதல் நிலை போதும். வேலை வாரம் 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தனி அறை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ. விமான டிக்கெட் உங்கள் செலவு.

மற்றொன்று தன்னார்வ வருஷம். 1964 சட்டத்தில் தொடங்கிய எஃப்.எஸ்.ஜே. (தன்னார்வ சமூக ஆண்டு), கட்டாய ராணுவ சேவையை நிறுத்திவைத்த 2011இல் வந்த பி.எஃப்.டி. (கூட்டாட்சி தன்னார்வச் சேவை) என்று இரண்டு பெயரில் நடக்கிறது. முதியோர் இல்லம், மருத்துவமனை, மழலையர் பள்ளி, மாற்றுத்திறனாளிகள் இல்லம் போன்ற இடங்களில் முழுநேர வேலை. மருத்துவக் காப்பீட்டை நிறுவனமே கட்டும். 12 மாதத்தில் 25 நாள் கருத்தரங்கு உண்டு. கைச்செலவுப் பணத்துக்கு 2025இல் உச்சவரம்பு மாதம் 644 யூரோ. பெரும்பாலான இடங்கள் அதைவிடக் குறைவாகவே தருகின்றன. தங்குமிடம் தருகிறார்களா, அதற்கு வாடகை பிடிப்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் வரவு செலவுக் கணக்குப் போட வேண்டும்.

இப்போது காலண்டருக்கு வருவோம். தன்னார்வ வேலைக்குப் பல நிறுவனங்கள் பி1 அளவு, அதாவது ஏ1, ஏ2 தாண்டிய மூன்றாம் நிலை ஜெர்மன் எதிர்பார்க்கின்றன. பி1 வரை வர 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவைப்படும். மார்ச் 2026இல் தேர்வு எழுதி முடித்து, ஏப்ரலில் ‘ஆ, பே, ட்சே’ தொடங்கும் ஒருவர் பி1 தேர்வை எழுத அடுத்த ஜனவரி ஆகிவிடும். பிறகு இடம் தேட வேண்டும், ஒப்பந்தம் வர வேண்டும், விசாவுக்குச் சில வாரம் முதல் சில மாதம் வரை காத்திருக்க வேண்டும். சேர்க்கை பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் என்பதால் கிளம்புவது செப்டம்பர் 2027. பன்னிரண்டு மாதம் முடித்துத் திரும்பும்போது 2028இன் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருக்கும். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனது கல்லூரிக் கணக்கில் மூன்று வருஷமாகிவிடுகிறது. இதை எந்த ஏஜென்டும் வரைந்து காட்டுவதில்லை.

தன்னார்வ வருஷம்தான் வேண்டும் என்றால் பதினொன்றாம் வகுப்பிலேயே மொழியைத் தொடங்க வேண்டும். உண்மையிலேயே ஒரே வருஷத்தில் திரும்ப வேண்டுமென்றால் ஓ பேர்தான் பொருந்தும்: மூன்று மாதத்தில் ஏ1, அக்டோபர் அல்லது நவம்பரில் பயணம், ஆறு மாதம் தங்கி மே மாதம் வீடு. ஆனால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிளஸ் டூ முடிக்கும்போது 17 வயதில் இருக்கும் பிள்ளைகள் பிறந்த தேதியை வைத்து முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைவுத் தேர்வு எழுதுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டு முறை மட்டுமே. அதில் ஒன்று இந்த இடைவெளியில் போய்விடும். நீட் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் மதிப்பெண் அந்த வருஷச் சேர்க்கைக்கு மட்டும்தான்.

அடுத்தது பணம். தன்னார்வ இடத்துக்குக் கட்டணம் கிடையாது. காரித்தாஸ், டியாக்கோனி, ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளின் இணையதளங்களில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். தேசிய விசாக் கட்டணம் 75 யூரோ. “சீட் உறுதி” என்று லட்சக்கணக்கில் கேட்பவர் விற்பது, இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை. பி.எஃப்.டி. ஒப்பந்தத்தில் நீங்கள், வேலை இடம், கொலோன் நகரிலுள்ள BAFzA என்ற கூட்டாட்சி அலுவலகம் ஆகிய மூன்று தரப்பும் இருக்க வேண்டும். அந்த அலுவலகத்தின் பெயரே இல்லாத தாளை நம்பி டிக்கெட் போடாதீர்கள். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்கான அரசு சான்றொப்பம்) முத்திரை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிப்பதும் நடக்கிறது. இந்தியாவின் அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. என்னென்ன தாள் வேண்டும் என்பதைத் தூதரகத்தின் பட்டியலில் மட்டும் பாருங்கள்.

விசா நேர்காணலில் கவிழ்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில். சான்றிதழ் ஏ1 என்று சொல்லும், ஆனால் “குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று ஜெர்மனில் கேட்டால் வாய் திறக்காது. இன்னொன்று, ஏஜென்ட் எழுதிக் கொடுத்த நோக்கக் கடிதம். ஒரே கடிதம் பத்துப் பேர் பெயரில் போனால் அதிகாரிக்குத் தெரியாமலா இருக்கும்? ஏன் முதியோர் இல்லம், திரும்பி வந்து என்ன படிப்பு என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், தப்பு இருந்தாலும் பரவாயில்லை.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இனிஷியலால் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மார்க் ஷீட்டில் ‘கே. பிரியா’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரையும் சேர்த்து முதல் பெயர்க் கட்டத்திலேயே எழுதி, சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் ஜெர்மன் அலுவலகங்கள் தடுமாறும். அங்கே குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் நகராது. ஒப்பந்தம் ஒரு பெயரில், இன்ஷூரன்ஸ் அட்டை இன்னொரு பெயரில், வங்கிக் கணக்கு மூன்றாவது பெயரில் வரும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், பாஸ்போர்ட்டில் உள்ளதை அப்படியே எல்லாத் தாளிலும் எழுதச் சொல்லுங்கள்.

போய் இறங்கியதும், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவரின் கையெழுத்திட்ட படிவம் தேவை. சில நாளில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்று. டிவி இல்லை என்று தூக்கிப் போட்டால் பாக்கி ஏறும். குடும்பத்தோடு தங்குபவர்கள் அவர்களுடைய கட்டண எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

முதியோர் இல்லத்தில் காலைப் பணி விடியுமுன்பே தொடங்கும். ரொட்டியின் ஓரத்தை வெட்டி விரல் அகலத் துண்டுகளாக்கித் தருவது, விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரில் பொடி கலந்து கெட்டியாக்கிக் கொடுப்பது, யார் எத்தனை மில்லி குடித்தார் என்று குறிப்பது, கழிவறைக்குக் கூட்டிப்போவது இதெல்லாம் வேலைதான். அருவருப்பு பார்த்தால் அந்த வருஷம் நகராது. முன்கூட்டியே மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஆனால் ஊசி போடுவதும் மாத்திரையைத் தீர்மானிப்பதும் தன்னார்வலர் வேலை அல்ல. ஆள் இல்லை என்று அதைச் செய்யச் சொன்னால் மறுத்துவிட்டு, அமைப்பின் வழிகாட்டி அலுவலருக்கு எழுதுங்கள். ஓ பேர்களுக்கு மணிக்கணக்குதான் தகராறு. முதல் நாளிலிருந்தே வேலை நேரத்தை நோட்டில் குறித்து வையுங்கள். இடம் மாற நினைத்தால் முதலில் வெளிநாட்டவர் அலுவலகத்தைக் கேளுங்கள், விசா அந்த இடத்தை வைத்துத்தான் கொடுக்கப்பட்டிருக்கும்.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே பணிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். என்ன வேலை செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று விரிவாக எழுதித் தரச் சொன்னால்தான் தருவார்கள். கேட்காவிட்டால் தேதி மட்டும் போட்ட ஒரு தாள் வரும். இங்கே கல்லூரியில் இடைவெளிக்குக் காரணம் கேட்கும்போது அந்தச் சான்றிதழ்தான் பதில். முகவரிப் பதிவையும் ரத்து செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.