முகத்துவாரத்தில் படகு ஏறப் போகிறீர்களா? சட்டப்படி நீங்கள் கேட்க வேண்டியவை

லீவு விட்டதும் கோவை, பொள்ளாச்சி, ஈரோடு, திருப்பூர் என்று நம்ம ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வேன் எடுத்துக்கொண்டு பொன்னானி, கொச்சி, பிச்சாவரம், புதுச்சேரி சுண்ணாம்பாறு என்று கிளம்பிவிடுகிறோம். போன இடத்தில் படகு சவாரி இல்லாமல் யாரும் திரும்புவதில்லை. ஆனால் படகில் ஏறும் முன் எதைக் கேட்க வேண்டும், கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்பது பலருக்குத் தெரியவில்லை. இருக்கிறது, அதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது.

முதலில் தண்ணீரைப் பற்றி. நமக்குப் பழகிய படகு என்றால் பூலாம்பட்டியில் இருந்து நெரிஞ்சிப்பேட்டைக்குக் காவிரியைக் கடக்கும் மோட்டார் படகு, ஒகேனக்கல் பரிசல், இவ்வளவுதான். அங்கே ஆபத்து மேலே இருந்துதான் வரும். மேட்டூரில் அதிகமாகத் தண்ணீர் திறந்தால் பூலாம்பட்டிப் படகை நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் வடிந்ததும் மறுபடி விடுவார்கள். ஆழியாற்றுத் தண்ணீர் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலுக்குப் போகிறது, காவிரியின் கிளையான கொள்ளிடம் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. இங்கே பார்த்த அதே ஆறுதானே என்று அங்கே போய் நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடும். கடல் ஏறும்போது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே வரும், அப்புறம் ஏறக்குறைய அதே நேரம் வெளியே இழுக்கும். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு கூடுதலாக இருக்கும்.

வடியும் நேரம்தான் மோசம். அந்த நேரத்தில் எஞ்சின் நின்றுபோனால் படகு கரைக்கு ஒதுங்காது, நேராகக் கடலைப் பார்த்துப் போகும். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு இருக்கும், வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் அந்தத் திட்டின் மேல் மோதி, அலை குத்தலாக எழும்பி உடையும். உள்ளே குளம் மாதிரி அமைதியாக இருக்கும்போதே முகத்துவாரத்தில் இப்படி இருக்கலாம். வெள்ளம் வந்து போனால் திட்டு இடம் மாறிவிடும், போன மாதம் ஆழமாக இருந்த வழி இந்த மாதம் முழங்கால் அளவு இருக்கும். வலை கட்ட ஊன்றிய கம்புகளும் கயிறும் ஏற்றத்தின்போது தண்ணீருக்கு அடியில் மறைந்து நிற்கும், படகைத் தள்ளும் விசிறியில் கயிறு சுற்றினால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் படகோட்டி அந்தத் தண்ணீரில் பழகியவராக இருக்க வேண்டும், படகில் நங்கூரம் இருக்க வேண்டும். நங்கூரம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி சட்டம். 1917-ல் வந்த பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021 கொண்டுவரப்பட்டது. 2022 ஜூன் மாதம் அமலுக்கு வந்தது. ஆறு, ஏரி, காயல் எல்லாம் இதற்குள் வரும், கடல் ஏறி இறங்கும் பகுதியில் எதுவரை என்பதை மத்திய அரசு அறிவிக்கும். எஞ்சின் வைத்த படகு என்றால் சோதனைச் சான்றும் பதிவுச் சான்றும் கட்டாயம். ஒரு மாநிலத்தில் பதிந்தால் நாடு முழுக்கச் செல்லும். ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். பயணிக்குச் சாவோ காயமோ ஏற்பட்டால் ஈடுகட்ட இன்சூரன்ஸ் வேண்டும். பரிசல், துடுப்புப் படகு போன்றவற்றைப் பதியும் வேலையை மாநில அரசு உள்ளாட்சி அமைப்புகளிடம் விடலாம். வழியில் ஆபத்து என்றால் பக்கத்தில் உள்ள படகுகளுக்கும் அரசுக்கும் உடனே அபாயச் சைகை கொடுப்பது படகுத் தலைவரின் கடமை, தகுந்த காரணம் இல்லாமல் கொடுக்காவிட்டால் அபராதம் உண்டு.

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் பார்த்தோம். பூரப்புழை கடலில் சேரும் இடத்தில், பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய இரட்டை அடுக்குப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். நம்ம தமிழ்நாட்டிலேயே 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். இதை எழுத மனசு கனக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: மேல் அடுக்கில் கூட்டம் சேர்ந்தாலோ, போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தாலோ படகு கவிழ்வதற்குச் சில நொடிகள் போதும்.

ஆகவே டிக்கெட் வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். "ஏனுங்ணா, இந்தப் படகுக்கு எத்தனை பேர் கணக்கு? பதிவு நம்பர் எங்கீங்க எழுதியிருக்குது?" இவ்வளவு போதும். படகில் அந்த எண் இல்லை என்றாலோ, கணக்குக்கு மேல் ஆள் ஏறினாலோ, இருட்டப் போகிறது என்றாலோ இறங்கிவிடுங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது பயனில்லாத வேலை. போன வருஷம் ஒரு படகுத்துறையில் என் அக்கா பையனுக்குப் பெரியவர்கள் போடும் ஜாக்கெட்டைக் கொடுத்தார்கள், ஒரு பக்கிள் உடைந்து அந்த இடத்தில் சணல் கயிறு கட்டியிருந்தது. தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன், ஜாக்கெட் காதைத் தாண்டி மேலே வந்துவிட்டது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் தனியாக மிதக்கும், பையன் மிதக்க மாட்டான். சின்ன அளவு கேட்டு, அது வரும்வரை நாங்கள் ஏறவில்லை. தூக்கினால் தாடை வரைகூட வரக் கூடாது, குழந்தைக்குக் கால் இடுக்கில் போகும் பட்டையும் இருக்க வேண்டும்.

அசம்பாவிதம் என்றால் 112, கடலோரம் என்றால் கடலோரக் காவல் படையின் 1554. விபத்தைப் பக்கத்துக் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. படகின் இன்சூரன்ஸ் கேட்கும்போது அந்தப் பதிவு மிகவும் உதவும், பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா என்ற மத்திய அரசின் விபத்து இன்சூரன்ஸ் திட்டத்துக்கும் தேவைப்படும். அது வருஷம் 20 ரூபாய் பிரீமியம், 18 முதல் 70 வயது வரை வங்கி அல்லது தபால் நிலையக் கணக்கு உள்ளவர்கள் சேரலாம், விபத்தில் இறந்தால் 2 லட்சம். நீரில் மூழ்கி இறப்பதும் இதில் அடக்கம், ஆனால் போலீஸில் பதிவு இருக்க வேண்டும். ஜூன் 1 முதல் மே 31 வரைதான் ஒரு வருஷக் கணக்கு, மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் பாலிசி நின்றுபோகும். வேறு இன்சூரன்ஸ் இருந்தாலும் இந்தத் தொகை தனியாகக் கிடைக்கும்.