தண்ணீருக்குள் 14 நாள்: மூழ்கிய நெல் பிழைப்பது எப்படி

வடகிழக்குப் பருவமழை ஓங்கி அடிக்கும் கார்த்திகையில் காவிரிப் படுகையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வயல் வடிந்ததா?" நட்டு ஒரு மாதம் ஆன சம்பா பயிர் முழுதாக மூழ்கிவிட்டால், மூன்று நான்கு நாளில் தண்ணீர் இறங்கினால் மீண்டுவிடலாம். ஒரு வாரத்தைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் திரும்பி வருவதில்லை. தண்ணீரிலேயே நின்று வளரும் பயிர் தண்ணீரில் சாவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சி ஒடிசாவின் தாழ்வான வயல்களில் தொடங்கி, பிலிப்பைன்ஸ் வழியாகக் கலிபோர்னியாவின் பல்கலைக்கழக ஆய்வகங்கள் வரை போய், பிறகு நம் வயலுக்கே திரும்பி வந்தது. வேளாண் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கண்டுபிடித்த மரபணு முக்கியமானது என்பதால் மட்டும் அல்ல. அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் மாற்றக் கூடாது என்று விஞ்ஞானிகள் காட்டிய பிடிவாதத்துக்காகவும்தான்.

மூழ்கிய நெல் மூச்சுமுட்டிச் சாகிறது என்று சொல்வது பாதி உண்மை. வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. அதனால் மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனும் உணவு தயாரிக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடும் இலைக்குப் போதிய அளவு வந்து சேர்வதில்லை. வெள்ளம் கலங்கலாக இருந்தால் வெளிச்சமும் இல்லை. வரவு நின்றுவிட்ட நிலையில், தண்டின் அடியிலும் இலையுறையிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்துதான் செடிக்கு இருக்கும் ஒரே கையிருப்பு.

மீதிப் பாதி, அந்தக் கையிருப்பைச் செடி எப்படிச் செலவழிக்கிறது என்பதில் இருக்கிறது. உள்ளே வரும் வாயு தடைபடுவதைப் போலவே வெளியே போகும் வாயுவும் தடைபடும். எல்லாச் செடிகளும் எத்திலீன் என்ற வாயுவைச் சிறிதளவு உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. மாங்காயையும் வாழைக்காயையும் பழுக்கவைக்கும் அதே வாயுதான். காற்றில் இருக்கும்போது அது இலையிலிருந்து கசிந்து போய்விடும். தண்ணீருக்குள் போக வழியில்லாமல் செடிக்குள்ளேயே தேங்குகிறது. மூழ்கிவிட்டோம் என்பது செடிக்குத் தெரிய வருவதே இந்தத் தேக்கத்தால்தான்.

எத்திலீன் ஏறியதும் வளர்ச்சியை அடக்கும் ஹார்மோன் குறைந்து, வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெல்லின் ஓங்குகிறது. இலையும் தண்டும் மளமளவென்று நீளுகின்றன. எப்படியாவது தலையைத் தண்ணீருக்கு மேல் நீட்டிவிட வேண்டும் என்று செடி மாவுச்சத்தை எல்லாம் உடைத்துச் சர்க்கரையாக்கிக் கரைக்கிறது. இலையின் பச்சையமும் சிதைகிறது. வெள்ளம் முழங்கால் அளவுதான் என்றால் இந்த முயற்சி பலிக்கும். இடுப்பளவு ஏறி நிற்கும் வெள்ளத்தில், நட்டு ஒரு மாதமே ஆன குட்டை ரகத்துக்கு எட்டாது. பத்து நாள் கழித்து வடிந்த வயலில் அப்படி ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் கதை முழுதும் கையில் இருக்கும். வெளிறிய இலைகள் நூல் போல நீண்டு, வண்டல் படிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். இலையுறையைப் பிரித்தால் உள்ளே குருத்து கொழகொழத்து நாறும். குருத்து உறுதியாக, வெள்ளையும் பச்சையுமாக இருந்தால் அந்தச் செடிக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று பொருள்.

ஒடிசாவின் தாழ்நில உழவர்கள் காலங்காலமாக விதைத்துவந்த சில நாட்டு ரகங்களுக்கு இந்தக் கதி நேர்வதில்லை. இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் புது இலை விட்டுவிடும். அவற்றில் ஒன்றிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மாநிலத்தின் கட்டாக் நகர நெல் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்துப் பிரித்த ரகம்தான் எஃப்.ஆர். 13ஏ. 1970களில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஏராளமான நெல் வகைகளை மூழ்கடித்துச் சோதித்தபோது முன்வரிசையில் நின்றது இதுவே. ஆனால் அது உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சல் குறைவு. வெள்ளத்தைத் தாங்கும் அந்தக் குணத்தை நல்ல விளைச்சல் தரும் ரகங்களுக்குக் கொண்டுவரப் பழைய முறையில் கலப்பு செய்து பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் புது ரகங்கள் கிடைக்கத்தான் செய்தன. உழவர்கள் அவற்றை விரும்பவில்லை. எஃப்.ஆர். 13ஏயின் வேண்டாத குணங்களும் சேர்ந்தே வந்திருந்தன. அரிசியும் அவர்கள் சாப்பிட்டுப் பழகிய அரிசியாக இல்லை. அதில் உழவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. பத்து வருடத்தில் இரண்டு முறை வரும் வெள்ளத்துக்காக, மற்ற எட்டு வருடமும் பிடிக்காத நெல்லை யார் விதைப்பார்கள்?

திருப்பம் 1996இல் வந்தது. டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் மேக்கிலும் அவருடைய மாணவர் கெனோங் ஸுவும், வெள்ளம் தாங்கும் குணத்தின் பெரும்பகுதி 9ஆவது குரோமோசோமில் ஒரே இடத்தில் அடங்கியிருப்பதைக் காட்டினார்கள். அந்த இடத்துக்கு 'சப் 1' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதே பல்கலைக்கழகத்தின் பமீலா ரொனால்டும், ரிவர்சைட் வளாகத்தின் ஜூலியா பெய்லி-செரஸும் கைகோத்தார்கள். அந்த இடத்தில் அடுத்தடுத்து மூன்று மரபணுக்கள் வரை இருப்பதும், வேலையைச் செய்வது சப் 1ஏ என்ற ஒன்றுதான் என்பதும் 2006இல் வெளியான ஆய்வில் உறுதியானது. வெள்ளம் தாங்காத ஒரு நெல்லுக்குள் அந்த ஒரு மரபணுவை மட்டும் செலுத்திப் பார்த்தார்கள். அதுவும் தாங்கியது.

சப் 1ஏ செய்யும் வேலைதான் இதில் என்னை வியக்கவைக்கிறது. அது செடிக்கு மூச்சுவிடப் புது வழி எதையும் திறந்துவிடுவதில்லை. நீண்டு வளராதே என்று அடக்குகிறது, அவ்வளவுதான். அதை எழுப்பிவிடுவதும் அதே எத்திலீன். எழுந்ததும், ஜிப்பரெல்லினின் கட்டளையைத் தடுக்கும் இரண்டு புரதங்களைப் பெருக்குகிறது. எத்திலீன் மேலும் உற்பத்தியாவதையும் மட்டுப்படுத்துகிறது. நீளும் வேலை நிற்கிறது. மாவுச்சத்து மெதுவாகச் செலவாகிறது, பச்சையம் காக்கப்படுகிறது. கோடையில் நிலத்துக்கடியில் கிழங்காக முடங்கிக் காத்திருக்கும் செடியைப் போல, நெல்லும் வெள்ளம் இறங்கும்வரை முடங்கிக் கிடக்கிறது. வடிந்த பிறகு சட்டென்று ஆக்சிஜனும் வெயிலும் படும்போது செல்களுக்கு ஏற்படும் சேதத்தைத் தாங்கவும் இதே மரபணு உதவுகிறது. மிச்சமிருக்கும் சத்தைக் கொண்டு குருத்திலிருந்து புது இலை வருகிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் பிழைக்கும் நெல்லும் உண்டு. மாதக்கணக்கில் வெள்ளம் வடியாத தென்கிழக்கு ஆசியச் சமவெளிகளின் ஆழ்நீர் நெல், தண்ணீர் ஏற ஏற ஒரே நாளில் 25 செ.மீ. வரைகூட நீளக்கூடியது. அதற்குக் காரணமான 'ஸ்னார்கெல்' மரபணுக்களை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு 2009இல் கண்டறிந்தது. அவையும் சப் 1ஏயின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றையும் எழுப்புவது எத்திலீன்தான். ஒரே வாயு, ஒரே மரபணுக் குடும்பம். ஒன்று செடியை வளரச் சொல்கிறது, மற்றொன்று அடங்கச் சொல்கிறது. வெள்ளம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதைப் பொறுத்து இரண்டுமே சரியான வழிகள்தான்.

மரபணு இருக்கும் இடம் தெரிந்துவிட்டதால், பழைய கலப்பில் வந்த தொல்லையைத் தவிர்க்க முடிந்தது. கிழக்கிந்தியாவில் பெரும்பரப்பில் பயிராகும் ஸ்வர்ணா என்ற ரகத்தை எடுத்துக்கொண்டார்கள். எஃப்.ஆர். 13ஏயின் வழிவந்த ஒரு ரகத்தோடு அதைக் கலந்து, கிடைத்த செடிகளை மறுபடி மறுபடி ஸ்வர்ணாவோடே கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் இலையில் துளி எடுத்து டி.என்.ஏ. பார்த்து, சப் 1 இருக்கும் செடிகளை, அவற்றிலும் மற்றதெல்லாம் ஸ்வர்ணாவாகவே இருக்கும் செடிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதில் வேற்றுயிரின் மரபணு எதுவும் இல்லை. மரபணு மாற்றப் பயிர் என்று இதைச் சொல்ல முடியாது. 2009இல் இந்தியாவில் ஸ்வர்ணா சப் 1 வெளியானது. வெள்ளம் வராத வருடத்தில் அதற்கும் பழைய ஸ்வர்ணாவுக்கும் விளைச்சலில் வித்தியாசம் இல்லை. விதைக்கும் நாள், உரம், சோறு என எதையும் உழவர் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒடிசாவில் உழவர்களின் வயலிலேயே நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. பத்து நாள் மூழ்கிய வயல்களில் ஸ்வர்ணா சப் 1, ஸ்வர்ணாவைவிடச் சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி முக்கியமானது. வெள்ளம் தேங்கும் பள்ளமான நிலங்கள் பட்டியல் சாதி மக்களிடமே அதிகம் இருந்தன. மேட்டு நிலம் யாருக்கு, பள்ளம் யாருக்கு என்பதைச் சாதி முன்பே தீர்மானித்துவிட்டிருந்த ஊர்களில், இந்த விதையின் பலன் பள்ளத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது. விதை ஆராய்ச்சியில் இப்படி நடப்பது அரிது. அடுத்து வந்த ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது: வெள்ள பயம் குறைந்த உழவர்கள், வெள்ளம் வராத வருடத்திலும் உரத்துக்கும் நடவுக்கும் துணிந்து செலவு செய்து கூடுதலாக விளைவித்தார்கள்.

நம் படுகையில் வெகுநாளாகப் பயிராகும் சி.ஆர். 1009, கட்டாக்கில் பிறந்து இங்கே பொன்மணி என்று பெயர் பெற்ற நெல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முயற்சியில் அதற்கும் இதே முறையில் சப் 1 சேர்க்கப்பட்டு, சி.ஆர். 1009 சப் 1 உழவர் கைக்கு வந்தது.

எல்லா வெள்ளத்துக்கும் இது மருந்து என்று நம்பிவிடக் கூடாது. பயிர் முழுதாக மூழ்கி, இரண்டு வாரத்துக்குள் தண்ணீர் வடிந்தால்தான் சப் 1 காப்பாற்றும். அரையளவுத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கினால், நீளாமல் இருப்பதே செடிக்குக் கேடாகலாம். பூக்கும் பருவத்தில் மூழ்கினாலும், கதிர் முற்றிச் சாய்ந்த பிறகு மூழ்கினாலும் இதனால் பயன் இல்லை. வடிகாலைத் தூர்வாரும் வேலைக்கு விதை ஈடாகாது.

நேரடி விதைப்புக்கு மாறிவரும் வயல்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விதைத்த மறுநாளே மழை கொட்டி வயல் நிரம்பினால் முளை எழும்பாது. முளைக்கும் பருவத்தில் விதை அடங்கிக் கிடந்தால் அழுகிவிடும். மாவுச்சத்தை விரைவாகக் கரைத்து முளையை நீட்டினால்தான் பிழைக்கும். மியான்மரின் ஒரு நாட்டு ரகத்தில் அப்படிச் செய்யும் மரபணு இருப்பது 2015இல் தெரியவந்தது. முளைக்கும்போது நீளச் சொல்லும் அந்த மரபணுவையும், வளர்ந்த பிறகு அடங்கச் சொல்லும் சப் 1ஐயும் ஒரே நெல்லில் சேர்த்துச் சோதித்தபோது, ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்த ரகங்களை உருவாக்கும் வேலை அந்த அடிப்படையில்தான் நடக்கிறது.