‘ஸ்கீம் வரட்டும்’ என்றால் காத்திருக்காதீர்கள்: சேர்வராயன் மலை ஊர்களில் லோ வோல்டேஜ்

லோ வோல்டேஜ் என்று புகார் சொன்னால், ‘ஸ்கீம் வரட்டும்’ என்று ஈபி அலுவலகத்தில் சொல்வார்கள். ஆனால் ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்கா 2012-ல் தமிழகத்துக்குக் கொடுத்த 6,074 கோடி யென் கடன், பெரிய துணைமின் நிலையங்களுக்கும் உயரழுத்தப் பாதைகளுக்கும் ஆனது. மலையில் கடைசிக் கம்பத்து வீட்டுக்கு வரும் மின்சாரம் வேறு கணக்கு. ஊருக்குள் ஓடும் 11 கிலோவோல்ட் லைன், டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து வீடுகளுக்கு வரும் எல்.டி. (தாழ்வழுத்த) கம்பி மூன்றும் மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு. 230 வோல்ட்டுக்கு 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216-க்குக் கீழே போகக் கூடாது. ‘ஃபண்டு வரணும், ஸ்கீம் சாங்ஷன் ஆகணும்’ என்பது இந்தக் கடமையைத் தள்ளிப்போடும் பதில்.

வாயால் சொல்லும் புகார் எங்கும் பதிவாகாது. ஒயர்மேன் வந்து ஃப்யூஸைப் போட்டுவிட்டுப் போவார், புகார் ‘சரிசெய்யப்பட்டது’ என்று முடிந்துவிடும். ஆகவே முதலில் அளவெடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, மீட்டருக்குப் பக்கத்து பிளக்கில் மூன்று நாள், காலை 6, மதியம் 2, இரவு 7 மணிக்குப் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். மதியம் 220, இரவு 170 என்றால் லைன் நீளமோ லோடோ காரணம். லைனில் மூன்று பேஸ் கம்பி இருக்க, எல்லா வீடும் ஒரே பேஸில் தொங்கினாலும் இப்படித்தான் ஆகும். சில இணைப்புகளைப் பேஸ் மாற்றினால் தீர்ந்துவிடும், அதற்கு எந்த ஸ்கீமும் வேண்டாம். ஒரு வீட்டில் பல்பு மங்கி, பக்கத்து வீட்டில் கண் கூசும் அளவுக்கு எரிந்தால் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். உடனே மெயினை இறக்கிவிட்டு, பிறகு போன் செய்யுங்கள்.

மின் கழகத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் எண் வாங்குங்கள். அதே நாளில் உதவிப் பொறியாளருக்கு எழுத்து மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் கேளுங்கள். ‘தபால்ல போடுங்க’ என்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத்தபாலில் அனுப்புங்கள். ஊரே சேர்ந்து ஒரு மனு போடுவது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. இழப்பீடு கேட்க வேண்டி வந்தால் ஒவ்வொரு இணைப்பு எண்ணுக்கும் தனி மனு இருக்க வேண்டும்.

மனுவில் என்ன வேலை வேண்டும் என்றும் எழுதுங்கள். ஆந்திராவில் ஜைக்கா கடனிலும், மகாராஷ்டிராவில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனிலும் கிராமங்களில் நடந்தது ஒரே வேலைதான்: 11 கிலோவோல்ட் கம்பியைப் பயனாளர் பக்கம் வரை கொண்டுபோய், சிறிய டிரான்ஸ்பார்மர் வைத்து, எல்.டி. கம்பியைக் குட்டையாக்குவது. அதையே கேளுங்கள்: ‘எல்.டி. லைன் நீளத்தைக் குறைத்து 25 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் அமைக்க வேண்டும்’.

இங்கே ஒரு பொறி உண்டு. ‘டெபாசிட் வேலையாப் போட்டுக்கலாம், பணம் கட்டுங்க’ என்பார்கள், அதாவது செலவை நீங்களே முன்பணமாகக் கட்டும் வேலை. உங்கள் வசதிக்காகக் கம்பத்தை நகர்த்தச் சொன்னால்தான் அந்தச் செலவு உங்களுடையது. வோல்டேஜ் குறைவைச் சரிசெய்வது அவர்கள் வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு மல்லுக்கட்ட முடியாது.

மலையில் பெரிய அலைச்சல் வனத்துறைதான். ஈபி, ‘ஃபாரஸ்ட் விடல’ என்கிறது. ஃபாரஸ்ட், ‘ஈபி விண்ணப்பமே தரல’ என்கிறது. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2) மின்கம்பிக்கு வழி விடுகிறது: இடம் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது, கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். படிவம் ‘ஏ’-வை நிரப்பி வனச்சரகரிடம் கொடுக்க வேண்டியது மின் கழகம். ஊர்க்காரர்களை அனுப்பினால் போகாதீர்கள். உங்கள் பங்கு கிராமசபைத் தீர்மானம். அந்தக் கூட்டத்தில் கிராமசபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது கலந்துகொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கோப்பு திரும்பிவிடும். கையெழுத்தை எண்ணிப் பார்த்துவிட்டே பதிவேட்டை மூடவிடுங்கள்.

‘எஸ்டிமேட் அனுப்பியாச்சு’ என்று மாதக்கணக்கில் சொன்னால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி தகவல் உரிமை மனு போடுங்கள். எஸ்டிமேட் எண், அனுப்பிய தேதி, இப்போது யார் மேசையில் இருக்கிறது, டிரான்ஸ்பார்மரின் திறன், அதில் அளந்த லோடு: இந்த ஐந்து மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதில், புகார் எண், வோல்டேஜ் குறிப்பு மூன்றையும் சேர்த்து மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுங்கள். வக்கீல் தேவையில்லை. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் அடுத்து சென்னையிலுள்ள மின்குறைதீர்ப்பாளர்.